அந்தக் காலம் மலையேறிப் போச்சு!

"ஆதார் இருக்குங்களா?" என்றார் பத்திர எழுத்தர்.

நாமக்கல் மாவட்டத்தில், காவிரியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரம் வேய்ந்த கடை. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு 68 வயது. ராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய், 37 வருடம் அங்கே வேலை பார்த்து, இப்போது மனைவியோடு ஊர் திரும்பியிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். பார்க்கப் பாஸ்போர்ட் போலவே இருந்தது.

"இது என்னங்க?"

"ஓசிஐ கார்டுங்க. எங்கிட்ட இருக்கறது அமெரிக்கா பாஸ்போர்ட். இது இந்தியா குடுத்தது. ஆயுசுக்கும் விசா வேண்டாம்."

எழுத்தர் பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டார். "மனை, வீடுன்னா இன்னைக்கே எழுதிரலாமுங்க. காடு ஆவாதுங்க."

வந்தவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, வரப்போரம் நாலு தென்னை. இந்த ஊர்க்காரர்கள் ஓய்வு காலம் என்றாலே மனதில் வரைந்து வைத்திருக்கும் அதே படம். கூட வந்திருந்த அக்கா மகன்தான் அந்த இறுக்கத்தைக் கலைத்தார்: "பேருலயே ஓசி இருக்குது. ஆனா காசு குடுத்தாக்கூடக் கெடைக்காது போலிருக்குதுங்க மாமா."

எல்லோரும் சிரித்தோம், மாமாவைத் தவிர.

வெப்ப நாடொன்றில் அயல்நாட்டவராக முதுமையைக் கழிப்பது இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் கனவு. வெள்ளைக்காரர்கள் தாய்லாந்துக் கடற்கரையிலும் பனாமா மலையிலும் வீடு தேடுவதைத்தான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கனவின் பழைய அத்தியாயம் ஒன்று சேலத்துக்குத் தலைக்கு மேலேயே, மலையில் எழுதப்பட்டது. புதிய அத்தியாயம் கீழே சமவெளியில், பத்திர எழுத்தர்களின் மேசைகளில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பினோம்.

வெயிலுக்குப் பயந்தவர்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், ஊர் எல்லையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவு நிற்கிறது. உள்ளே ஸ்டுடியோ இல்லை; வளைவு மட்டும் மிச்சம். மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டார். இந்த நிறுவனத்துக்காக 'மந்திரி குமாரி'யை இயக்கியவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். 1935-இல் வந்தவர், தமிழ் தெரியாமலேயே 15 வருடம் தமிழ்ப் படம் எடுத்தார். 1950-இல் அந்தப் படம் வெளியான ஆண்டிலேயே அமெரிக்கா திரும்பி, மேற்கு வர்ஜீனியாவில் வாழ்ந்து 2001-இல் காலமானார். சமவெளியில் வேலை பார்த்த அயல்நாட்டவர்கள் பெரும்பாலும் செய்தது அதைத்தான். வேலை முடிந்தது, கப்பல் ஏறினார்கள்.

கம்பெனி காலத்திலும் அதுவே வழக்கம். பிற்காலத்து ஐசிஎஸ் அதிகாரி ஒருவர் 25 வருடப் பணிக்கணக்கை முடித்தால் ஆண்டுக்கு 1,000 பவுன் ஓய்வூதியம். அதை வாங்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விடுவார். இந்தியாவிலிருந்து திரும்பும் அதிகாரிகள் கூட்டமாகக் குடியேறும் ஊர்கள் என்றே சில அங்கே இருந்தன. அவற்றில் பேர்போனது செல்ட்டனம். அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகாமல் தங்கியவர்கள் மலையைத் தேடினார்கள். சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும். 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காபியை நட்டார். ஆரஞ்சும் ஆப்பிளும் பேரியும் கொண்டுவந்தார். அவர் கட்டிய 'கிரேஞ்ச்' என்ற பங்களாதான் மலைமேல் எழுந்த முதல் ஐரோப்பிய வீடுகளில் ஒன்று. ஊட்டிக்குக் கவர்னர் போனார். அவர் பின்னால் அரசாங்கமே போனது. ஏற்காட்டுக்கு வந்தவர்கள் தோட்டக்காரர்கள், பாதிரிமார்கள், சிறிய ஓய்வூதியக்காரர்கள். 'ஏழைகளின் ஊட்டி' என்ற பெயர் சும்மா வரவில்லை.

பெயரிலும் ஒரு சுவை இருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்பார்கள். கீழே மாமாவுக்குக் கிடைக்காமல் போனதும் 'காடு'தான். சமவெளியில் விவசாய நிலத்துக்கே, குறிப்பாக மானாவாரிக்கு, அதுதான் பெயர். கிணறு இருந்தால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல்.

மாமனாரும் மருமகனும்

ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் சிறியது. சுற்றிலும் பழைய கல்லறைகள். சில கற்களில் எழுத்துப் பாதி தேய்ந்து, பாசி படிந்து கிடக்கிறது. மாமா ஒவ்வொன்றாகக் குனிந்து வயதைக் கணக்குப் போட்டார். இந்த வளாகத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவுக்கல் இருக்கிறது.

ஃபுட்டின் கதைக்கு முன் அவருடைய மாமனார் கதையைச் சொல்ல வேண்டும். பீட்டர் பெர்சிவல், 1826-இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்ட் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தினார். அங்கே படித்த மாணவர்தான் ஆறுமுக நாவலர். பிறகு விவிலியத்தைத் தமிழாக்கும் வேலையில் அதே நாவலர் பெர்சிவலுக்குத் துணை நின்றார். ஒருவர் கிறிஸ்தவப் போதகர், மற்றவர் சைவத்தைக் காக்கக் கிளம்பியவர். பெர்சிவல் பின்னர் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார், 'தினவர்த்தமானி' இதழை நடத்தினார், 6,000-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். ஊர் ஊராக மக்கள் வாயிலிருந்து பழமொழி பொறுக்கியவருக்கு இங்கிலாந்துக் குளிர்காலத்தில் யாரோடு என்ன பேசுவது? அவர் 1882-இல் கண்மூடியது ஏற்காட்டில்.

அவர் மகளை மணந்தவர் ஃபுட். 1834-இல் பிறந்தவர். பிறந்த ஊர் எது தெரியுமா? செல்ட்டனம். இந்தியாவில் வேலை முடித்தவர்கள் போய் ஓய்வெடுக்கும் ஊரில் பிறந்தவர், இந்தியாவில் ஓய்வெடுக்கத் தங்கிவிட்டார்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்தார் ஃபுட். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் செம்புரைக்கல் சரளைக்குள்ளிருந்து ஒரு கற்கருவியை எடுத்தார். ஆதிமனிதன் கையால் செதுக்கிய கல். இந்தியாவின் தொல்பழங்கால வரலாறு அந்த ஒரு கல்லில்தான் தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் சக ஊழியர் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். பள்ளிப் பாடத்தில் வருவதால் இது பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அதே காலத்தில் இவர்கள் இருவரும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களைக் கால்நடையாக அளந்து கொண்டிருந்தார்கள் என்பது. அந்த நில அமைப்பு அறிக்கை 1864-இல் வெளிவந்தது.

ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும் மேடுகளைச் சேலத்துக்காரர்கள் தினம் பார்க்கிறார்கள். வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட் அது. மேற்கே கஞ்சமலையின் இரும்புக்கல். ஃபுட் இந்த மண்ணை வெயிலில் நடந்து, சுத்தியால் தட்டி, கையில் வைத்துப் பார்த்தவர். 33 வருடப் பணிக்குப் பிறகு 1891-இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காகப் பாறைகளைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் வந்து அமர்ந்த இடம் ஏற்காட்டில் 'ஐவி காட்டேஜ்' என்ற வீடு.

அமர்ந்தார் என்று சொல்வதும் தப்பு. நாற்பது வருடம் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் அங்கே வைத்துப் பட்டியல் எழுதினார். எது எங்கே கிடைத்தது, எந்தக் கல்லில் செய்தது, எந்தக் காலத்தது என்று ஒவ்வொன்றாக. அந்தச் சேகரம் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் இறந்தார். அவருடைய விரிவான பட்டியல் அச்சானது அதற்கும் பிறகு, 1914-இல்.

கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமா, "இந்த ஆளு ரிட்டயரே ஆவலயேப்பா" என்றார்.

பிள்ளையாருக்குப் பக்கத்துக் கல்

ஃபுட்டின் கதையை இத்தோடு முடித்தால் அது பாதிக் கதை. அவர் சேர்வராயன் மலையில் சேகரித்த கற்களில், வழவழப்பாகத் தேய்த்துச் செய்த புதிய கற்காலக் கோடரிகளும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு முனை கூர்ந்து, மறு முனை உருண்டு, ஆற்றுக் கூழாங்கல் போல மினுங்கும். மண்ணுக்குள் தோண்டாமலேயே இவை கிடைத்தன. மலைவாழ் மக்கள் உழும்போது கையில் சிக்கியதை எடுத்துவந்து, ஊர்ப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டிட்டுக் கும்பிட்டு வந்தார்கள். வெள்ளைக்காரருக்கு அது ஆயுதம். அவர்களுக்கு அது சாமி.

அந்த மக்களின் பெயர் மலையாளி. கேரளத்துக்காரர்கள் அல்லர். சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலைகளில் வாழும் தமிழ்ப் பழங்குடியினர். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை முழுக்கத் திரளும் கூட்டம் இவர்களுடையது. காபித் தோட்டங்கள் மலையில் பரவியபோது, மேய்ச்சலுக்கும் கொத்துக்காட்டு விவசாயத்துக்கும் இருந்த சரிவுகள் வேலிக்குள் போயின. நிலத்தில் உழுதவர்கள் தோட்டத்தில் கூலிக்குக் காபி பறித்தார்கள்.

வெள்ளைக்காரத் தோட்டக்காரர் யாரிடமும் விசா கேட்கவில்லை. ஆட்சி அவர்களுடையது. 'தரிசு' என்று எழுதினால் தரிசு, 'பட்டா' என்று எழுதினால் பட்டா. மலிவான நிலம், மலிவான ஆள், குளிர்ந்த காற்று என்று இன்றைய ஓய்வூதியக்காரர்கள் வெப்ப நாடுகளில் தேடும் மூன்றும் அவர்களுக்கு மொத்தமாகக் கிடைத்தன. 'அந்தக் காலம் மலையேறிப் போச்சு' என்று நாம் சொல்வது இந்த மலைக்கு இருமடங்கு பொருந்தும். அவர்கள் மலையேறினார்கள், அவர்கள் காலமும் மலையேறியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், பத்திர எழுத்தர் ஏன் பேனாவை மூடினார் என்பது புரியும்.

கதவு சாத்தப்பட்ட கதை

1947-க்குப் பிறகு பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். ஆயுள் முழுக்க இங்கே உழைத்தவர்களில் சிலர் போக மறுத்தார்கள். டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஆமி கார்மைக்கேல், 55 வருடங்கள் ஒருமுறைகூட ஊருக்குப் போகாமல் இருந்து 1951-இல் அங்கேயே அடக்கமானார். வேலூர் சிஎம்சியை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஓய்வு காலத்தைக் கொடைக்கானலில் கழித்து 1960-இல் காலமானார். தாங்கள் பழகிய ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் என்றுதான் அவர்களை ஊர் பார்த்தது.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1973-இல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, இந்தியக் குடிமக்கள் அல்லாதவர்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே அசையாச் சொத்தை வாங்கவோ விற்கவோ தானம் கொடுக்கவோ கூடாது என்றது. அதன் வீச்சு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு வழக்கு போதும். பெங்களூரில் வாழ்ந்த ஒரு வெளிநாட்டு விதவை 1977-இல் தன் சொத்தில் ஒரு பகுதியைத் தானமாக எழுதிக்கொடுத்தார். அனுமதி வாங்கவில்லை. 44 வருடம் கழித்து, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தானம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அந்தச் சட்டம் போய் 2000-இல் ஃபெமா வந்தது. பிடி கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப்பயிர் எஸ்டேட் மூன்றுக்கும் பூட்டு அப்படியே இருக்கிறது.

இங்கே ஓய்வெடுக்க வரலாமா?

இந்திய வம்சாவளி இல்லாத ஒரு வெள்ளைக்காரர் ஃபுட்டைப் போல இன்று ஏற்காட்டில் வந்து முதுமையைக் கழிக்க ஆசைப்பட்டால்? ஓய்வூதியர் விசா என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. அமெரிக்கரோ பிரிட்டிஷ்காரரோ நீண்ட காலச் சுற்றுலா விசாவில் வரலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 180 நாள். பிறகு பெட்டியைக் கட்ட வேண்டும். தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் பதிய வேண்டும். இந்தியாவையே வீடாக்கிக்கொள்ள நினைத்தவர்கள் குடியுரிமை வாங்கும் வழியில் போனார்கள். விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் 1961-இல் இந்தியரானார். திருவனந்தபுரத்தில் செங்கல் கட்டடங்களால் பேர்பெற்ற லாரி பேக்கர், நாற்பது வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்த பிறகே குடியுரிமை பெற்றார்.

பக்கத்து நாடுகள் இந்த வியாபாரத்தை வேறு மாதிரி நடத்துகின்றன. 1985-இலேயே பிலிப்பைன்ஸ் ஓய்வூதியர்களுக்கென ஒரு தனி அரசு ஆணையத்தைத் தொடங்கியது. அடுத்த வருடமே ஜப்பான் அரசு தன் முதியவர்களை வெளிநாடுகளில் குடியேறத் தூண்டும் திட்டம் ஒன்றை முன்வைத்து, 'முதியவர்களையே ஏற்றுமதி செய்கிறார்கள்' என்று வசை வாங்கிக்கொண்டது. மலேசியாவின் 'என் இரண்டாவது இல்லம்' திட்டம் 2002 முதல் நடக்கிறது. இலங்கையின் 'கனவு இல்லம்' விசாவுக்கு 55 வயதும், 15,000 டாலர் வைப்பும், மாதம் 1,500 டாலர் வருமானமும் கேட்டார்கள். தாய்லாந்தில் 50 வயது நிறைந்து, வங்கியில் 8 லட்சம் பாட் இருந்தால் ஓராண்டு விசா. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாய்லாந்தில் அயல்நாட்டவர் அடுக்குமாடி வீடு வாங்கலாம். அதுவும் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான். நிலம் வாங்க முடியாது. பிலிப்பைன்ஸில் அரசியலமைப்பே நிலத்தைத் தடுக்கிறது. இந்த இரண்டு நாடுகளும் வெயிலை விற்கும், கடலை விற்கும், விசாவை விற்கும். மண்ணை மட்டும் விற்காது. 

ஊர்க்காரரே அயல்நாட்டவர்

இங்கேதான் நம் மாமாவின் சிக்கல். அவர் வெள்ளைக்காரர் அல்ல. ஆனால் கடவுச்சீட்டின்படி அயல்நாட்டவர்தான். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அதற்குப் பதிலாக 2005-இல் சட்டத் திருத்தம் செய்து அடுத்த ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்ததுதான் ஓசிஐ என்ற வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை. பெயரில் குடியுரிமை, உள்ளே ஆயுள் விசா. எத்தனை வருடம் வேண்டுமானாலும் தங்கலாம், பதிவு வேண்டாம். ஓட்டு இல்லை. 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி வீடும் மனையும் கடையும் வாங்கலாம். காடும் தோட்டமும் எஸ்டேட்டும் முடியாது.

விவசாயி மட்டுமே விவசாய நிலம் வாங்கலாம் என்ற விதி தமிழ்நாட்டில் கிடையாது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டுபவரும் நாமக்கல்லில் கோழிப்பண்ணை நடத்துபவரும் சென்னை ஐடி ஊழியரும் உச்சவரம்புக்கு உட்பட்டு எத்தனை ஏக்கரும் வாங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டை விடாமல் வைத்திருந்து ஊர் திரும்பிய துபாய்க்காரரும் வாங்கலாம். அந்த மண்ணிலேயே மாடு மேய்த்துப் படித்துப் போன அமெரிக்கக் குடிமகனுக்கு மட்டும் கிடையாது.

கேட்டால் அநியாயம் போலத்தான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாலரில் சம்பாதித்த ஒருவர் போட்டிக்கு வந்தால், மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டு வருடத்துக்கு வருடம் தடுமாறும் பக்கத்துக் காட்டுக்காரர் அடுத்த ஏக்கரை எந்தக் காலத்தில் வாங்குவார்? மலைமேல் பவுன் செய்ததைச் சமவெளியில் டாலர் செய்யக் கூடாது என்றே இந்தப் பூட்டை நான் படிக்கிறேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "நான் காக்பர்னாப்பா?" என்றார். நியாயமான கேள்விதான். பூட்டுக்கு ஆளைத் தெரியாது.

திரும்பவும் இந்தியரானால்? வழி இருக்கிறது. ஓசிஐ அட்டை பெற்று 5 வருடம் ஆகியிருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இங்கேயே குடியிருந்தால் கேட்கலாம். அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். பிறகு நியூஜெர்சியில் இருக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கவே விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். காடா, பேரனா என்று கேட்டால் எந்தத் தாத்தா என்ன சொல்வார்?

காடு கிடைத்தாலும் கவலை தீராது. வெளிநாட்டு ஓய்வூதியத்தை நம்பி வருகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, பொதுவாக அந்த நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் இந்தியாவில் வாழ்பவருக்கு முதலில் கொடுத்த தொகையிலேயே உறைந்துவிடும்; விலைவாசிக்கு ஏற்ப ஏறாது. இங்கே ஓர் ஆண்டில் 182 நாள் தங்கிவிட்டால் வரிக்கணக்கில் நீங்கள் இந்தியவாசி. திரும்பி வந்த ஆரம்ப ஆண்டுகளில் சலுகை உண்டு. அதன்பின் உலகில் எங்கே வரும் வருமானத்தையும் இங்கே காட்ட வேண்டும்.

பிறகு, தனிமை. ஊரைவிட்டுத் தள்ளி, காட்டுக்கு நடுவே வீடு கட்டிக் குடியிருப்பது கொங்கு வழக்கம். பிள்ளைகள் வெளிநாடு போனபின் அந்த வீடுகளில் வயதானவர்கள் மட்டும். 2024 நவம்பரில் பல்லடம் அருகேயும் 2025-இல் ஈரோடு சிவகிரி அருகேயும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, சேலம், நாமக்கல் பக்கத்திலும் இரவில் கதவைத் தட்டினால் திறப்பதில்லை. நாய் வளர்க்கிறார்கள், கேமரா மாட்டுகிறார்கள். ஓய்வு காலக் கனவில் வரையாத பொருள்கள் இவை.

வசதிகளும் வந்திருக்கின்றன. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து 2023 அக்டோபரில் விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. ஆனால் 37 வருடம் ஏசியில் இருந்த உடம்பு சேலத்து ஏப்ரலைத் தாங்க வேண்டும். நண்பர்கள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப்பேர் பேசும் விஷயங்கள் மாமாவுக்குப் பழசு. மாமா பேசும் விஷயங்கள் அவர்களுக்கு அமெரிக்கா.

தண்ணி கட்டறது

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. கடைசி வளைவு தாண்டியதும் கண்ணாடியை இறக்கினோம். வெக்கை முகத்தில் அறைந்தது. "பெர்சிவலுக்குப் பழமொழி இருந்துச்சு, ஃபுட்டுக்குக் கல்லு இருந்துச்சு. எனக்கு என்னப்பா இருக்குது?" என்றார் மாமா. பத்திரம் கிடைக்காத கோபம் அந்தக் குரலில் இல்லை.

நேராக அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். அக்காவுக்கு 76 வயது. பேரில் ஒன்றரை ஏக்கர் தோட்டம், கிணற்றுப் பாசனம். பாதியில் மரவள்ளி, மீதியில் மஞ்சள். நடந்ததை எல்லாம் மகன் சொன்னார். அந்த அம்மாள் களத்தில் உட்கார்ந்து சோளம் புடைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

"எம் பங்குல அரை ஏக்கரா உனக்கு எழுதித் தந்தா?"

"அதும் ஆவாதுங்க்கா. தானமாவும் வாங்கக் கூடாது. வாரிசா வந்தா மட்டுந்தான்."

"அப்ப நான் செத்தாத்தான் வருமா?"

மாமா பதில் சொல்லவில்லை. முறம் ஒரு தடவை நின்று, மறுபடியும் ஓடியது.

அந்தப் பதில் சட்டத்தில் இருக்கிறது. காட்டைக் காசுக்கு வாங்க முடியாத அயல்நாட்டவர், இங்கே வாழ்பவரிடமிருந்து வாரிசாகப் பெறலாம். கல்லறைத் தோட்டத்தில் தேய்ந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்த மாமாவுக்கு அது இரண்டாம் முறையாக அன்று காதில் விழுந்த சாவு.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"செரி, செத்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம் சாமி. தண்ணி கட்டறதுக்கு எந்தக் கார்டுங் கேக்க மாட்டாங்களே? காலைல ஆறு மணிக்கு மூணு பேஸ் கரண்டு வருது. மோட்டாரப் போட்டுட்டு மஞ்சளுக்கு மடையத் திருப்பி உடு. மம்பட்டி திண்ணைக்கு அடியில கெடக்குது."

மாமா எழுந்து போய், குனிந்து, திண்ணைக்கு அடியில் துழாவினார்.